நீர்வண்ணத்தில் நிலைத்த நகரமும் நினைவில் நிற்கும் நகரமும்

ஒரு நகரம் அழிந்த பின்னும் பல வழிகளில் வாழ்கிறது. கல்வெட்டில் வாழ்கிறது, காப்பியத்தில் வாழ்கிறது, தெருப்பெயர்களில் வாழ்கிறது, பாட்டிமார் சொல்லும் கதைகளில் வாழ்கிறது. அரிதாகச் சில நகரங்கள் ஓவியத்திலும் வாழ்கின்றன. கல்லும் சுதையும் சரிந்து விழுந்த இடத்தில், எளிதில் நைந்துபோகும் தாளும் நீரில் கரையும் வண்ணமும் அவற்றைவிட நீண்டகாலம் நிலைத்துவிடுவதை எண்ணும்போது வியப்பே மேலிடுகிறது.

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்யாதவர் நம்மில் குறைவு. இச்சாலை புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்கு ஓரத்தைத் தொட்டுச் செல்கிறது. விராலிமலையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் கொடும்பாளூர் வரும். சாலையின் முடிவிலுள்ள மதுரை ஒரு பெருந்தலைநகர். இடையிலுள்ள கொடும்பாளூரும் ஒரு காலத்தில் தலைநகராகவே விளங்கியது. மதுரையின் சிதைவுகளை 1792ஆம் ஆண்டில் இரண்டு ஆங்கில ஓவியர்கள் நேரில் கண்டு வரைந்தனர். கொடும்பாளூருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. வரையப்பட்ட நகரையும் வரையப்படாத நகரையும் ஒருசேர வைத்து நோக்கினால், வரலாறு நம் நினைவில் எவ்வாறு தங்குகிறது, எவ்வாறு நழுவிப்போகிறது என்பது ஓரளவு விளங்கும்.

சிற்றப்பனும் அண்ணன் மகனும்

தாமஸ் டேனியல் 1749இல் இங்கிலாந்தில் பிறந்தவர். விடுதி நடத்தி வந்த ஒருவரின் மகன். இளமையில் குதிரை வண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் தொழிலைக் கற்று, பின்னர் நிலக்காட்சி ஓவியரானவர். தம் அண்ணன் மகன் வில்லியமை உடன் அழைத்துக்கொண்டு 1785இல் கப்பலேறினார். அப்போது வில்லியமுக்கு வயது 16. சீனத்துக் கான்டன் துறைமுகம் வழியாக 1786இல் இருவரும் கல்கத்தா வந்து சேர்ந்தனர். அங்கே நகரக் காட்சிகளை வரைந்து அச்சிட்டு விற்றனர். 1788 முதல் 1791 வரை கங்கைக் கரையோரமாக வடக்கே சென்று, இமயமலை அடிவாரத்தையும் தாண்டிக் கட்வால் நாடு வரை பயணம் செய்தனர். தீட்டிய படங்களைக் கல்கத்தாவில் குலுக்கல் முறையில் விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு தென்னாட்டுக்குப் புறப்பட்டனர்.

அவர்கள் சென்னைக்கு வந்த காலம் கவனிக்கத் தக்கது. திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் 1792 மார்ச்சு மாதத்தில் உடன்படிக்கையுடன் முடிந்தது. அடுத்த மாதமே இவர்கள் சென்னையிலிருந்து பயணம் தொடங்கினர். போர் நடந்த மலைக்கோட்டைகளின் படங்களை வாங்க ஆங்கிலேயரிடையே பெரும் ஆவல் இருந்தது. மைசூர் எல்லையைப் பார்த்துவிட்டுத் தெற்கே திரும்பியவர்கள் திருச்சிராப்பள்ளி, மதுரை, கன்னியாகுமரி, தஞ்சாவூர் முதலிய இடங்களைக் கண்டு, 1793 தொடக்கத்தில் சென்னைக்குத் திரும்பினர்.

பல்லக்குத் தூக்கிகளும் சுமையாட்களும் சூழ அவர்கள் சென்ற அந்தப் பயணத்தில், சுமைகளுக்கிடையே ஒரு சிறு பெட்டியும் இருந்தது. 'கேமரா அப்ஸ்கியூரா' எனப்படும் இருட்டுப் பெட்டி அது. ஒரு வில்லை வழியாக உட்புகும் ஒளி, எதிரே நிற்கும் காட்சியைப் பெட்டிக்குள் தாளின்மீது விழச் செய்யும். அந்த நிழலைப் பின்பற்றிப் பென்சிலால் கோடு இழுத்தால் தூணின் உயரமும் வளைவின் அகலமும் பெரிதும் பிசகாமல் அமையும். அதன் பிறகு நீர்வண்ணம். மிக மெல்லிய சாயத்தை நீரில் கரைத்துத் தூரிகையால் ஒரு பூச்சு. அது உலர்ந்தபின் அதன்மேல் இன்னொரு பூச்சு. வானத்துக்குத் தாளின் வெண்மையே ஒளி தரும். நிழலுக்கு மட்டும் வண்ணம் சற்று அடர்த்தியாகும்.

நீர்வண்ணத்தின் இயல்பு விரைவு. எண்ணெய் வண்ணம் காயப் பல நாட்கள் வேண்டும். நீர்வண்ணம் நம் நாட்டு வெயிலில் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். வழிப்போக்கனுக்கு ஏற்ற கலை அது. ஆனால் திருத்துவதற்கு அங்கே அதிக இடமில்லை. கண்டதை அப்போதே கண்டபடி பதிக்க வேண்டும். இந்த இயல்பினாலேயே அப்படங்கள் பிற்காலத்தவருக்குச் சான்றாகப் பயன்படுகின்றன.

1794இல் இங்கிலாந்து திரும்பிய இருவரும் இப்படங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கத் தொடங்கினர். தகட்டின்மீது பிசின் தூளைப் படியவிட்டு, அமிலத்தால் அரிக்கச் செய்து, நீர்வண்ணப் பூச்சுப் போன்ற மென்மையை அச்சிலும் கொண்டுவரும் 'அக்வாடிண்ட்' முறை அது. அச்சான ஒவ்வொரு படத்துக்கும் பின்னர் கையாலேயே வண்ணம் தீட்டப்பட்டது. 1795 முதல் 1808 வரை ஆறு பகுதிகளாக 144 படங்கள் வெளிவந்தன. 'கீழைநாட்டுக் காட்சிகள்' என்று பொருள்படும் பெயருடைய அந்தத் தொகுதி முழுவதற்கும் விலை 210 பவுன். அக்காலத்தில் செல்வர் மட்டுமே வாங்கக்கூடிய தொகை அது.

1792இன் மதுரை

அவர்கள் கண்ட மதுரை எத்தகையது? திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்டவர். அவர் எழுப்பிய அரண்மனை 1636இல் கட்டப்பட்டதாகக் கூறுவர். சொர்க்கவிலாசம், ரங்கவிலாசம் என இரு பெரும் பகுதிகளைக் கொண்டிருந்த அந்த மாளிகையில் இன்று நாம் காண்பது சொர்க்கவிலாசத்தையும் நாடகசாலையையுமே. ரங்கவிலாசம் மறைந்துவிட்டது. முன்பிருந்ததில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே எஞ்சியுள்ளது என்பர்.

இந்த அழிவு பகைவர் கையால் மட்டும் நேர்ந்ததன்று. திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, பாட்டனாரின் அரண்மனையைப் பிரித்து அதன் பொருள்களைக் கொண்டுபோய்ப் புதிய மாளிகை கட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. எதிரி இடித்த மாளிகைகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். பேரனே பிரித்த மாளிகையைப் பற்றி எண்ணும்போது வேறு விதமான துயரம் எழுகிறது.

அதன் பிறகு நாயக்கர் ஆட்சி வீழ்ந்தது. மதுரை கைமாறிக் கைமாறி, ஆர்க்காட்டு நவாபின் பெயரால் ஆளப்பட்டது. மருதநாயகம் என்று நம் மக்கள் அறிந்த யூசுப்கான், நவாபையும் ஆங்கிலேயரையும் எதிர்த்து நின்றபோது மதுரைக் கோட்டை 1763, 1764ஆம் ஆண்டுகளில் முற்றுகைக்கு உள்ளானது. 1764 அக்டோபரில் அவர் தூக்கிலிடப்பட்டார். டேனியல்கள் வந்தது அதற்கு 28 ஆண்டுகளுக்குப் பின். அப்போரை நேரில் கண்ட முதியோர் பலர் மதுரையில் அப்போது உயிருடன் இருந்திருப்பர்.

இவர்களது தொகுதியில் மதுரைப் படங்கள் பல உள்ளன. அரண்மனையின் சிதைவுகள் என்றொரு படம். அரண்மனையின் ஒரு பகுதி என்றொரு படம். அதன் உட்புறத் தோற்றம். கோட்டைக்குள் ஒரு காட்சி. மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் கிழக்கேயுள்ள புதுமண்டபத்தின் உட்புறம். இவற்றுடன் காவிரியிலிருந்து காணப்படும் திருச்சி மலைக்கோட்டையும் தஞ்சைப் பெரிய கோயிலும் இடம் பெற்றன.

இப்படங்களில் கட்டடம் பெரிது; மனிதர் சிறியர். பிரம்மாண்டமான தூண்களும் வளைவுகளும் வானத்தை நோக்கி எழுகின்றன. அவற்றின் அடியில் வேட்டியும் தலைப்பாகையும் அணிந்த சிலர் நிற்கின்றனர், அமர்கின்றனர், நடக்கின்றனர். மென்மையான வெயில் எங்கும் பரவியிருக்கிறது. பார்ப்பவர் உள்ளத்தில் ஓர் அமைதியும், அந்த அமைதியினூடே இனம்புரியாத ஏக்கமும் தோன்றுகின்றன.

படம் வரைந்தபின் நேர்ந்தவை

இப்படங்களின் அருமை அவற்றுக்குப் பின் மதுரையில் நேர்ந்த மாற்றங்களை அறிந்தால்தான் புலப்படும். 1792இல் மதுரை மதிலும் அகழியும் சூழ்ந்த கோட்டை நகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், நகரம் நெருக்கடியால் திணறுவதைக் கண்டு, மதிலை இடித்து அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார். அந்த இடத்தில்தான் இன்றைய வெளிவீதிகள் அமைந்தன. அப்பணியில் ஈடுபட்டவர்களின் பெயரால் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் வழங்குகின்றன. பிளாக்பர்னின் நினைவாக நிறுவப்பட்ட தூணை மதுரை மக்கள் விளக்குத்தூண் என்றே அழைக்கின்றனர். அது யாருடைய நினைவு என்பதை அவ்வழியே செல்வோரில் அறிந்தவர் சிலரே.

மதிலை இடித்தது தவறு என்று எளிதில் சொல்லிவிட முடியாது. காற்றும் வெளிச்சமும் மக்களுக்கு வேண்டும். தேங்கிய அகழிநீர் நோய்க்கு இடமாகும். ஆயினும் ஒரு நகரம் பல நூற்றாண்டுகளாக அணிந்திருந்த வடிவம் ஒரு தலைமுறைக்குள் மறைந்தது. அந்த மறைவுக்கு முன் கோட்டைக்குள் நின்று கண்டதைப் பதித்தவர்கள் இவ்விரு ஓவியர்கள்.

அரண்மனைக்கு மட்டும் பின்னர் சற்று நல்ல காலம் பிறந்தது. நேப்பியர் பிரபு 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தபோது, எஞ்சிய பகுதியைப் பழுதுபார்க்க முன்வந்தார். இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் தூண்களும் விதானங்களும் பழுதுபார்க்கப்பட்டவை, வண்ணம் பூசப்பட்டவை. பழுதுபார்ப்பதற்கு முன் அவை நின்ற கோலத்தைக் காண விரும்புவோர் டேனியல்களின் படங்களைத்தான் நாட வேண்டும். அவர்களுடைய படைப்புகளில் பல இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்திலும் காக்கப்படுகின்றன.

படம் சொல்லாதவை

நன்றியோடு இவ்வளவும் சொன்ன பின், ஒரு கேள்வியையும் எழுப்பியாக வேண்டும். இப்படங்கள் சொல்வது முழு உண்மைதானா?

அக்கால ஆங்கில ஓவிய மரபில் சிதைவு என்பதே ஓர் அழகு. இடிந்த மடாலயமும் கொடி படர்ந்த வளைவும் அங்கே விரும்பி வரையப்பட்டன. அந்தச் சுவையோடு வந்த கண் மதுரையிலும் அதையே தேடியது. முற்றுகையில் மாண்டவர், வரிக்கொடுமையால் ஊரை விட்டு ஓடியவர், தறியை இழந்த நெசவாளர் ஆகியோர் அந்த வெயிலில் தென்படுவதில்லை. மனிதர்கள் அங்கே கட்டடத்தின் உயரத்தைக் காட்டும் அளவுகோல்களாகவே நிற்கிறார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. இருட்டுப் பெட்டியைச் சுமந்து சென்றவர்களின் பெயரும் தெரியாது. இன்னொன்றும் உண்டு. போரில் வென்ற நாட்டினர் தாம் வென்ற நிலத்தைத் தம் வீட்டுச் சுவரில் மாட்டி வைக்க விரும்பினர். அதற்காகவே இத்தகைய படங்கள் பெரிதும் விலைபோயின. 'பழம்பெருமை உடையதாயினும் இன்று பாழடைந்த நாடு' என்ற எண்ணத்தை இவை அங்கே வளர்த்தன. பாழடைந்த நாட்டைத் தாமே காக்க வந்ததாக ஆள்வோர் சொல்லிக்கொள்ள அந்த எண்ணம் உதவியது.

எனவே ஓர் ஓவியத்தை வேறு சான்றுகளின் துணையோடுதான் படிக்க வேண்டும். மதுரையைப் பொறுத்தவரை அத்தகைய துணை நம் திருச்சபை வரலாற்றிலேயே உள்ளது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி முதலாகப் பல இயேசு சபைக் குருக்கள் இந்நகரிலிருந்து ஐரோப்பாவுக்குக் கடிதங்கள் எழுதினர். தமிழ் – போர்த்துகீசிய அகராதியைத் தொகுத்த அந்தோணி தெ புரோயென்சா அடிகளார் 1659இல் எழுதிய கடிதம், திருமலை நாயக்கரின் இறுதிக் காலப் போர்களை அறிவதற்கு ஆய்வாளர் நாடும் சான்றுகளுள் ஒன்று. அரண்மனை முழுமையாக நின்ற காலத்தவர் அவர். அவர் காலத்துக் குருக்களின் கடிதங்களில் பஞ்சம் வருகிறது, படையெடுப்பு வருகிறது, சிறைவாசம் வருகிறது, துன்புற்ற சிற்றூர் மக்கள் வருகின்றனர்.

ஆனால் கடிதமும் குறையற்றதன்று. அதை எழுதியவரும் வெளிநாட்டவரே. தம் பணியின் நோக்கிலேயே அவர் அனைத்தையும் கண்டார். தூணின் வேலைப்பாட்டை நமக்குக் கடிதம் காட்டாது. தூணின் நிழலில் நின்றவனின் பசியை நமக்கு ஓவியம் காட்டாது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவனுக்கே நகரம் சற்று முழுமையாகத் தோன்றும்.

யாரும் வரையாத தலைநகர்

இப்போது மதுரைச் சாலையில் பின்னோக்கி வந்து கொடும்பாளூரில் நிற்போம். புதுக்கோட்டை நகரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் இருக்கிறது இவ்வூர். டேனியல்கள் வெளியிட்ட 144 படங்களில் இவ்வூருக்கு இடமில்லை.

ஆயினும் சொல்லோவியம் ஒன்று மிகப் பழங்காலத்திலேயே இவ்வூருக்கு வாய்த்தது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், உறையூரைக் கடந்து மதுரைக்கு நடக்கும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் வழி சொல்கிறான். கொடும்பையின் நீண்ட குளக்கரையை அடைந்தால், அங்கே பாதை மூன்றாகப் பிரியும் என்கிறான் அவன். சிவபெருமானின் சூலம் போல வழி கிளைக்கிறது. வலப்பக்க வழி சிறுமலை நோக்கிச் செல்லும், இடப்பக்க வழி அழகர்மலையாகிய திருமால்குன்றத்துக்குச் செல்லும், நடுவே காட்டுவழி. ஒவ்வொரு வழியிலும் உள்ள மரங்களையும் பொய்கைகளையும் ஆபத்துகளையும் அவன் விரித்துரைக்கிறான். ஏரிக்கரை, வறண்ட நிலம், கவர்த்த பாதை என அக்காட்சி படிப்பவர் மனத்தில் தானே விரிகிறது.

கோவலனும் கண்ணகியும் நடந்த அப்பாதையைக் காப்பியம் சொல்வது பெருமைக்காக மட்டுமன்று. மதுரையில் அவர்களுக்கு நேரவிருப்பதைக் கேட்போர் அறிவர். திரும்பிவிடக்கூடிய கடைசி இடங்களில் ஒன்றாக அக்குளக்கரை நிற்கிறது. ஒரு நிலக்காட்சி எவ்வளவு பெரிய துயரத்தைத் தாங்க இயலும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

பிற்காலத்தில் கொடும்பாளூர் இருக்குவேளிரின் தலைநகராயிற்று. சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் இடைப்பட்ட நிலமாதலால் படைகள் பலமுறை இவ்வழியே சென்றன. பாண்டியர் செப்பேடு இவ்வூரைப் போர்க்களமாகக் குறிக்கிறது. அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவரான இடங்கழி நாயனார் இவ்வூரைச் சேர்ந்த வேள். பூதி விக்கிரமகேசரி என்னும் இருக்குவேள் இங்கே மூன்று கோயில்களை அடுத்தடுத்து எடுப்பித்தான். ஒன்று தன் பெயராலும், மற்ற இரண்டு வரகுணை, கற்றளி என்னும் தன் தேவியர் பெயராலும் அமைந்தன என்று நடுக்கோயில் சுவரிலுள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. அவன் காலம் ஒன்பதாம் நூற்றாண்டா பத்தாம் நூற்றாண்டா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ச்சுனர் என்னும் துறவிக்கு ஒரு பெரிய மடம் கட்டித் தந்து, 50 துறவியருக்கு உணவளிக்க 11 ஊர்களை அவன் வழங்கிய செய்தியும் அக்கல்வெட்டில் உள்ளது. ஆக, கொடும்பாளூருக்கும் மதுரைக்கும் இடையே படைகள் மட்டுமின்றி அறவோரும் நடந்திருக்கின்றனர்.

மூவர் கோயில் என்பது பெயர். இன்று நிற்பவை இரண்டே. மூன்றாவது கோயிலுக்கு அடித்தளம் மட்டும் உண்டு. சுற்றியிருந்த சிறு கோயில்களும் அடித்தளங்களாகவே தெரிகின்றன. துறவியர் உணவருந்திய மடம் இல்லை. வேளிரின் அரண்மனை இல்லை. அந்த மூன்றாவது கோயிலின் வெற்றுத் தளத்தின்மீது விமானம் எப்படி உயர்ந்திருக்கும், அதன் சிற்பங்கள் எவ்வாறு சிரித்திருக்கும் என்பதைக் காட்ட ஒரு கோட்டுப்படம்கூட இல்லை. இரு கோயில்களைப் பார்த்து மூன்றாவதை நாமே மனத்தில் வரைந்துகொள்ள வேண்டியதுதான்.

இங்கேதான் மதுரைக்கும் கொடும்பாளூருக்கும் உள்ள வேறுபாடு தைக்கிறது. மதுரையும் இழந்தது, ஆனால் எதை இழந்தோம் என்று அது அறியும். கொடும்பாளூர் இழந்ததை நாம் முழுதும் அறியோம். இழப்பு எத்தகையது என்று தெரிந்திருப்பதே ஒரு செல்வம். தாயின் முகத்தைப் படத்திலேனும் கண்டு வளர்ந்த பிள்ளைக்கும், அதுவும் இல்லாது வளர்ந்த பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நம் நிலத்தின் பொய்கை

இதனால் ஓவியம் என்பதே நமக்கு அயல்நாட்டார் தந்த கொடை என்று எண்ணிவிடல் ஆகாது. இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், புதுக்கோட்டைக்கு வடமேற்கே சித்தன்னவாசல் உள்ளது. அங்குள்ள அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரையின் விதானத்தில் தாமரைப் பொய்கை ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. மலர்ந்த தாமரை, கூம்பிய தாமரை, அகன்ற இலைகள், நீந்தும் மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள், மலர் கொய்யும் ஆடவர் என அப்பொய்கை உயிர்த் துடிப்போடு விளங்குகிறது. சமண மரபில் அருகனின் பேரவையைச் சூழ்ந்த நீர்நிலையை இது காட்டுகிறது என்பது அறிஞர் கருத்து. ஆயினும் அந்த ஓவியன் தன் கண்முன் கண்ட ஏரியையும் எருமையையும்தான் அங்கே எழுதினான். வானுலகப் பொய்கைக்கு அவன் தேர்ந்தது நம் ஊர்க் குளத்தின் உருவம்.

அக்குடைவரையைப் புதுப்பித்தவர் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் என்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு தெரிவிக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தது அக்கல்வெட்டு. மதுரையிலிருந்து வந்த ஒருவர் புதுக்கோட்டைக் குன்றில் தம் பெயரைப் பொறித்துச் சென்றார். அவர் காலத்து மதுரை எங்கே? தெருக்களும் மாளிகைகளும் அவற்றின் ஓவியங்களும் போயின. அவர் பெயரும் ஒரு பொய்கையின் வண்ணமும் மட்டும் இங்கே எஞ்சின. காலத்தாலும் மனிதர் கையாலும் அவ்வண்ணத்தில் பெரும்பகுதி இன்று உதிர்ந்துவிட்டது.

நம் கையில் உள்ளது

இவற்றையெல்லாம் எண்ணும்போது நமக்குரிய கடமை ஒன்று தெளிவாகிறது. கொடும்பாளூரை வரைய வெளியிலிருந்து யாரும் வரவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. வந்திருந்தாலும் அவர் தமக்கு வேண்டியதையே வரைந்திருப்பார். ஓர் ஊரின் நினைவைக் காக்கும் பொறுப்பு முதலில் அவ்வூரில் வாழ்வோருடையது.

புதுக்கோட்டை இவ்வகையில் நல்ல முன்னோடிகளைப் பெற்ற மண். மன்னராட்சியின்போதே 1910இல் இங்கே அருங்காட்சியகம் தோன்றியது. இன்றும் திருக்கோகர்ணத்தில் அது இயங்குகிறது. சமஸ்தானத்துக் கல்வெட்டுகள் 1929இல் நூலாக வெளிவந்தன. 1938 முதல் 1944 வரை சமஸ்தானத்தின் விரிவான வரலாற்றுக் கையேடு பல பகுதிகளாக வெளியிடப்பட்டது. சிறிய அரசு ஒன்று தன் கற்களின்மீது காட்டிய அந்த அக்கறை இன்றும் ஆய்வாளருக்குத் துணை நிற்கிறது.

அப்பணி முடிந்துவிடவில்லை. புதுக்கோட்டை நகருக்கு அருகே பொற்பனைக்கோட்டையில் சங்ககாலக் கோட்டையின் எச்சங்கள் உள்ளன. அங்கே 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023இல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழாய்வு நடத்தின. ஒரு சிறு பொன் அணியும், எலும்பு முனைக் கருவியும், சூதுபவள மணியும் 2023இல் கிடைத்தன. யாரோ ஒரு பெண் மூக்கிலோ காதிலோ அணிந்திருக்கக்கூடிய அச்சிறு பொன், டேனியல்களின் படத்தில் பெயரின்றி நிற்கும் மனிதர்களை நினைவூட்டுகிறது. அரசர்களின் நகரம் என்று நாம் சொல்வது உண்மையில் அத்தகையோரின் நகரம்.

நம் பங்குக்கு நாம் செய்யக் கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும்போது, தாளும் வண்ணமும் கொடுத்து மூவர் கோயிலின் முன் ஒரு மணி நேரம் அமர்த்தலாம். வரைபவன் பார்க்கும் பார்வை, கைப்பேசியில் ஒரு நொடியில் படம் எடுப்பவனின் பார்வையைவிட ஆழமானது. எத்தனை தூண், எத்தனை படி, நிழல் எப்பக்கம் என்று அவன் எண்ணியாக வேண்டும். பழைய ஓட்டு வீடு, ஊருணி, சத்திரம், முதல் ஆலயம் ஆகியவை இடிபடுமுன் அவற்றைப் படமாக்கி, தேதியையும் அங்கே வாழ்ந்தவர் பெயரையும் எழுதி வைக்கலாம். ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் செய்திகளை அவர்கள் சொற்களிலேயே குறித்துக்கொள்ளலாம். இடித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை சில வேளை வரும். மதுரை மதிலுக்கும் அது வந்தது. இடிக்குமுன் வரைந்து வைக்கும் பொறுமையாவது நமக்கு இருக்க வேண்டும்.

அவ்வாறு செய்யும்போது டேனியல்கள் விட்ட குறையை நாம் விடாதிருப்போமாக. கட்டடத்தோடு மனிதரையும், தூணோடு அதன் நிழலில் பிழைத்தோரையும், அரசன் பெயரோடு கல் சுமந்தோர் பெயரையும் குறிப்போம். கொடும்பாளூரின் மூன்றாம் கோயில் எப்படி இருந்தது என்று கேட்கும் இன்றைய சிறுவனுக்கு நம்மிடம் விடை இல்லை. நம் ஊர் எப்படி இருந்தது என்று நூறாண்டுக்குப் பின் கேட்கப்போகும் சிறுவனுக்கான விடை இன்று நம் கையில் இருக்கிறது.